நீல மிதப்புகள்

மார்ச் 2, திங்கள்

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும் போட்டு, மீதியைக் காலியாக விட்டிருந்தேன். இன்று அதில்தான் எழுதுகிறேன்.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். படிக்காமல் இருக்க முடியாது என்றால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம். ஸ்கூலில் வேண்டாம். சௌந்தர்யாவிடம் வேண்டவே வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். ஜனவரியில் தொடங்கியபோது இது வெறும் மீனைப் பற்றிய நோட்டாகத்தான் இருந்தது. அடுத்த பக்கத்தைப் பார்த்தால் தெரியும்.

ஜனவரி 10, சனி

அறிவியல் கண்காட்சியில் என் "மீன் வீடு" மூன்றாம் பரிசு வாங்கியது! முதல் பரிசு வழக்கம்போல எரிமலைக்கு.

ஐஸ்கிரீம் டப்பாவில் சிமெண்ட் குழைத்து ஊற்றி, காய்வதற்குள் ஸ்ட்ராக்களைச் செருகியிருந்தேன். நடுவராக வந்த சார் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல கரண்டு எங்கம்மா வருது?" என்று கேட்டார். கரண்டு இல்லை சார், எங்கள் கரட்டூர் ஏரியின் அடி முழுக்க வெறும் சேறு, மீன் ஒதுங்க ஒரு குச்சி கூட இல்லை, இந்த மாதிரி பெரிதாகச் செய்து போட்டால் குழாய்களில் பாசி பிடிக்கும், பாசிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குக் குஞ்சு மீன் வரும், குஞ்சுக்குப் பெரிய மீன் வரும், கட்டையைப் போல மக்கியும் போகாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். சௌந்தர்யா பின்னால் நின்று கை தட்டினாள். வகுப்பில் அவளும் நானும் ஒரே பெஞ்சு. பக்கத்து வீடும்.

வீட்டில் அப்பா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கௌசி, இது நெசமாவே மீனக் கூப்புடுமா? இல்ல பரிசுக்கு மட்டுந்தானா?"

"கூப்புடும்பா."

"அப்பக் கூப்புட்டுருவோம்."

அம்மா அடுப்படியிலிருந்து, "பப்ளிக் பரீட்சைய யாரு கூப்புடறது?" என்றாள். அதனால்தான் வலை அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன். வெளியே கேட்டால் நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 17, சனி

பொங்கல் லீவு முழுக்க சிமெண்ட்.

அப்பா பெயிண்டரிடம் காலி வாளிகள் வாங்கி வந்தார். எலக்ட்ரீஷியனிடம் மிஞ்சிய குழாய்த் துண்டுகள் கிடைத்தன. சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி மூன்று. காய்ந்தபின் வாளியிலிருந்து கழன்று வருவதற்கு உள்ளே எண்ணெய் தடவ வேண்டும். கொத்தனார்கள் தடவும் வண்டி ஆயிலை நான் எடுத்து வந்தேன். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "அந்த வாடைக்கு மீனு நம்ம ஊரு எல்லையத் தாண்டிப் போயிரும்." எனவே தேங்காய் எண்ணெய். அம்மா பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மீனுக்குத் தலை வாரிப் பூ வெக்கிறதுன்னாலும் சொல்லுங்க, மல்லி வாங்கிட்டு வர்றேன்" என்றாள்.

எனக்கும் அப்பாவுக்கும் ஒரு சண்டை வந்தது. குழாய்களை நேராக நிறுத்த வேண்டும் என்றார் அப்பா. "தொடப்பம் மாதிரி நின்னா, தெரியாம வலை பட்டாலும் வழுக்கிட்டுப் போயிரும்." நான் ஒத்துக்கொள்ளவில்லை. குஞ்சு மீனுக்குக் கூரை வேண்டும், எனவே நாலாபக்கமும் வளைந்து விரிய வேண்டும் என்றேன். கடைசியில் வைக்கோல் தீயில் காட்டி ஒவ்வொரு குழாயாக அவரே வளைத்தார்.

"இஞ்சினியரம்மா சொன்னாச் சரி."

ஒவ்வொரு வாளியின் நடுவிலும் கயிறு கட்ட ஒரு வளையம் புதைத்தோம்.

ஜனவரி 20, செவ்வாய்

சிமெண்ட் விரல் நுனியைத் தின்றுவிட்டது. தோல் உரிகிறது. பேனா பிடித்தால் எரிகிறது. அப்பா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். அம்மா பாட்டிலை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஜனவரி 28, புதன்

மீன் வீடுகளைத் தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறோம். முதல் நாள் தண்ணீர் மேல் வெள்ளையாக ஆடை கட்டியது. அப்பா அதில் நாலு ஜிலேபி மீன் குஞ்சுகளை விட்டார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் மல்லாந்துவிட்டன. "வீடு இன்னும் பச்சை" என்றார். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினோம். இன்று விட்ட குஞ்சுகள் சாயங்காலம் வரை நீந்திக்கொண்டே இருக்கின்றன.

குடிபோகலாம்.

ஜனவரி 31, சனி

போட்டாயிற்று!

காலையில் துறையில் எல்லோரும் பரிசலைத் திருப்பிப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். அப்பா நடுவில் நின்று, "நான் ஏரிக்குள்ள சாமான் போடறேனுங்க, எல்லாருக்கும் சொல்லிக்கறேன்" என்றார். நம் துறையில் தண்ணீருக்குள் ஒரு கல்லைப் போட்டாலும் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

"மாதேசு, தொகுப்பு வீடு உனக்கே வர்ல, மீனுக்கு வந்துருச்சா?" என்றார் ஒருவர்.

"பட்டா யாரு பேருலீங்க?"

"கக்கூசு கட்டியிருக்கயா? இல்லீனா அதுக்கும் ஆபீசர் வருவான்."

சௌந்தர்யாவின் அப்பா பச்சியண்ணன் மாமாதான் அதிகம் சிரித்தார். ஆனால் அவரேதான் எங்கள் கூட வந்து, தன் பரிசலில் பாதி வீடுகளை ஏற்றிக்கொண்டார்.

மீனவர் சங்கத் தலைவர் ராசப்பன் பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. "மிதப்பு கட்டு மாதேசு. வாய்க்காலுக்குத் தண்ணி விட்டாச்சு, ஏரி எறங்கும். தண்ணி எறங்க எறங்கக் கயித்தச் சுருக்கு. மிதப்பு எங்க நிக்குதோ அதுக்கு நேர் கீழ உன் சாமான் இருக்கோணும். மத்தவன் அத நம்பித்தான் வலை போடுவான்."

"ஆமாங்க" என்றார் அப்பா.

மூன்று ஆள் ஆழத்தில், வரிசையாக இறக்கினோம். வரிசையின் இரண்டு முனைகளிலும் மிதப்புக்கு ஒவ்வொரு நீல கேன். அதை அப்பாவே கட்டினார். வீடுகளை இறக்கும் கயிற்றை நான் கட்டினேன். எனக்கு இடது கைப் பழக்கம் என்பதால் என் முடிச்சு எதிர்ப்பக்கமாக விழும். "இவ முடிச்ச அவுக்கறதுக்கு இவளத்தான் கூப்புடோணும்" என்று மாமா கேலி செய்தார். "எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. "எடப்பக்கம் தள்ளுனா வந்துரும்."

மாமா ஒரு வீட்டைத் தண்ணீருக்குள் விடும்போது, "போய் நல்லா இருங்க சாமி, வாடகை மட்டும் மாசாமாசம் குடுத்துருங்க" என்றார்.

பிப்ரவரி 7, சனி

ஒன்றும் வரவில்லை. துறையில் அப்பாவைப் பார்த்தால் "வாடகை வந்துச்சா?" என்று கேட்கிறார்கள்.

பிப்ரவரி 14, சனி

வந்தது! முதலில் ஜிலேபி. பின்னால் இரண்டு ரோகு. இன்று காலை ஒரு கட்லா, என் இடுப்பு உயரம் இருக்கும். அப்பா மிதப்புக்கு நன்றாகத் தள்ளி, வீடுகளைச் சுற்றி வளைத்து வலை போட்டிருந்தார். அவருக்கு மிதப்பே தேவையில்லை. கரையில் முனியப்பன் கோயில் வேலும் அதற்குப் பின்னால் இருக்கும் செல்போன் டவரும் ஒரே கோட்டில் வந்தால் வரிசையின் தலை. எனக்கும் அது தெரியும்.

எடை போடும் இடத்தில் அப்பா எல்லோரிடமும், "எங்க கௌசி யோசனை" என்று சொன்னார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். ஆனால் கேட்டது.

பிப்ரவரி 18, புதன்

மிதப்பைச் சுற்றி இப்போது ஐந்தாறு வலைகள். எங்கள் வலைக்குப் பாதி மீன்கூட வருவதில்லை. பச்சியண்ணன் மாமாதான் முதலில் வந்தார். நீல கேனுக்கு ஒரு பரிசல் தூரம் தள்ளி, அளந்த மாதிரி போடுகிறார்.

"யாரும் போடட்டும்பா, ஏரி நம்ம ஊட்டுக் கெணறா?" என்கிறார் அப்பா.

யாருடைய விரலில் தோல் உரிந்தது? யார் பொங்கல் லீவில் ஜல்லி சுமந்தது? சும்மா வந்து அள்ளுகிறார்கள். மிதப்பு இருப்பதால்தான் வழி தெரிகிறது.

மத்தியானம் சௌந்தர்யா டிபன் பாக்ஸைத் திறந்தாள். வறுத்த மீன். "உன் மீன் வீட்டு மீனுடி. எங்கம்மா உனக்குன்னு தனியா வெச்சு உட்டாங்க" என்று பெரிய துண்டை என் மூடியில் வைத்தாள். தொண்டையில் இறங்கவில்லை. முள் என்று சொன்னேன். அவள் உடனே வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்லி, என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 21, சனி

பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா மீனை எடை போடச் சங்கத்துக்குப் போனபோது பரிசலைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தேன். காற்று இருந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்துவிட்டது. நாளை வரலாறு ரிவிஷன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அம்மா காலையில் கோழிக்கூண்டு முன்னால் நின்று, "இங்க படிக்கு வெச்சிருந்த செங்கல்லு ரெண்டும் எங்க?" என்று கேட்டாள். பழைய அடுப்படிச் சுவரை இடித்தபோது எடுத்து வைத்தவை. ஒரு பக்கம் பச்சைச் சுண்ணாம்பு அப்படியே இருக்கும். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். பக்கத்துப் பசங்க கிரிக்கெட்டுக்கு எடுத்திருப்பார்கள்.

அப்பா ஏரியிலிருந்து வந்து, "மிதப்பு கரைப்பக்கமாத் தள்ளி நிக்குது. தண்ணி எறங்குனதுல கயிறு எச்சாயிருச்சு, காத்துக்கு இழுத்துட்டுப் போவுது. நாளைக்குச் சுருக்கோணும்" என்றார்.

இன்றே போயிருப்பார். சித்தி வீட்டில் காது குத்து.

கறி நன்றாக இருந்தது.

பிப்ரவரி 23, திங்கள்

இன்று ஸ்கூலுக்குப் போகவில்லை. வயிற்று வலி. அப்பா கத்தியும் கயிறும் எடுத்துக்கொண்டு மிதப்பைப் பார்க்கக் கிளம்பியவர், போகாமல் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்துகொள்ளச் சொன்னார். ஊசி போட்டார்கள். இப்போது பரவாயில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

பச்சியண்ணன் மாமா

பிப்ரவரி 25, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிப் பார்க்கிறேன்.

பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஏரியில் மாமாவின் பரிசல் ஆளில்லாமல் சுற்றுகிறது என்று யாரோ கத்தினார்கள். அப்பா பனியனோடு ஓடினார். அப்பாதான் முதலில் குதித்தார்.

வலை அடியில் சிக்கியிருக்கிறது. சிக்கிய வலையை இங்கு யாரும் அறுக்க மாட்டார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கையால் எடுத்து விடுவார்கள். மாமா எத்தனையோ முறை போயிருக்கிறார். இந்த முறை வலைநூல் அவர் மணிக்கட்டில் சுற்றி, வலை குழாய்களில் மாட்டி, இழுக்க இழுக்க இறுகியிருக்கிறது. மேலே கொண்டு வந்தபோது அவர் கையோடு உடைந்த குழாய்த் துண்டு ஒன்றும் வந்தது.

வளைந்த துண்டு.

கரையில் போட்டு நெஞ்சில் அழுத்தினார்கள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. மூச்சு வந்தது. 108 வண்டியில் ஏற்றினார்கள். சௌந்தர்யா ஸ்கூல் யூனிபார்மில், ஒரு பக்கம் மட்டும் ஜடை போட்டபடி வண்டிக்குப் பின்னால் ஓடினாள்.

பெரியாஸ்பத்திரியில் குழாய் மாட்டியிருக்கிறார்கள். கண் திறக்கவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

கண் திறக்கவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

அப்பா சாப்பிடுவதில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். அம்மா இன்று கத்திவிட்டாள்.

"நீங்களா அவரத் தண்ணிக்குள்ள புடிச்சுத் தள்ளுனீங்க?"

"கயித்தச் சுருக்கல சரோஜா."

"ஒரு நாளு தானுங்க."

"மிதப்பு தள்ளி நிக்கறதப் பாத்தவன் நானு. துறையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? அதுக்கு எந்நேரம் ஆவும்? அவன் மிதப்ப நம்பித் தள்ளிப் போட்டான். தள்ளிப் போட்ட எடத்துலதான் சாமான் இருந்துருக்குது."

திங்கட்கிழமை ஏன் போகவில்லை என்று அம்மா கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 28, சனி

சௌந்தர்யா வீட்டுக்குப் போனேன். அம்மா ரசம் கொடுத்து அனுப்பினாள். சௌந்தர்யா தனியாக இருந்தாள். வீடு கூட்டியிருந்தாள். மாமாவின் சட்டையைத் துவைத்துக் காயப் போட்டிருந்தாள்.

"உங்கப்பாதான் எங்கப்பாவ எடுத்தாரு. ஆஸ்பத்திரில டாக்டரு சொன்னாரு, இன்னும் ரெண்டு நிமிசம் போயிருந்தா அவ்வளவுதானாம்" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"உங்கப்பா கயித்தச் சுருக்க மறந்துட்டாருன்னு துறையில பேசறாங்க. நான் நம்பல கௌசி. அவரா மறப்பாரு? எங்கப்பா வலையில கூட முடிச்சு சரியில்லீனா அவுத்துட்டுக் கட்டிக் குடுத்துட்டுப் போற ஆளு."

பிறகு, விட்டுப்போன அறிவியல் நோட்ஸ் வேண்டும் என்றாள். கொடுத்தேன். ரசப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, அதில் கொஞ்சம் பொட்டுக்கடலை போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதாம்.

இதற்கு மேல் பொய்யாக எழுத முடியாது.

21ஆம் தேதி நான் சும்மா பரிசல் ஓட்டவில்லை. இரண்டு கேன்களையும் அப்பாவின் கயிற்றிலிருந்து அவிழ்த்தேன். கூண்டுப் படிக்கல் இரண்டையும் வேறு கயிற்றில் கட்டி, கேன்களை அவற்றோடு சேர்த்து, கரைப்பக்கமாகத் தள்ளிப் போட்டேன். வெறும் சேற்றுக்கு மேலே. அங்கே வந்து வலை போட்டால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது, இரண்டு நாளில் சலித்துப் போய்விடுவார்கள், மீன் எங்களுக்கே வரும். இதுதான் நினைத்தேன். மிதப்புக்குத் தள்ளிப் போடுபவர் எந்தப் பக்கம் தள்ளிப் போடுவார் என்று கவனித்துப் பார்க்கவே இல்லை. எல்லோரும் கரைப்பக்கம் போடுவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாமா ஆழப் பக்கம் போட்டார். வீடுகளின் மேலேயே.

வயிற்று வலியும் இல்லை. அப்பா போயிருந்தால் கண்டுபிடித்திருப்பார். புதன்கிழமை பழையபடி மாற்றிக் கட்டிவிடலாம் என்று இருந்தேன். உண்மையாகவே மாற்றியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்று நடுவில் இருந்தது.

மார்ச் 1, ஞாயிறு

வீடுகளையெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று ராசப்பன் பெரியப்பா சொல்லிவிட்டார். நான் கரையிலிருந்து பார்த்தேன். மற்றவர்கள் வருவதற்கு முன்பே அப்பா தனியாகப் பரிசலில் போனார். நேராக நீல கேன்களிடம் போனார். முதல் கேனைத் தூக்கினார். கயிற்றைக் கை மாற்றி மாற்றி மேலே இழுத்தார். பிறகு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பரிசல் ஒரு முழுச் சுற்று சுற்றியது. கடைசியில் எதையோ சாக்குக்கு அடியில் வைத்தார். இரண்டாவது கேனிடம் போனார். அங்கேயும் அப்படித்தான். என்ன வைத்தார் என்று இங்கிருந்து தெரியவில்லை. தெரியவில்லை.

மற்றவர்கள் வந்தபோது, "மிதப்ப எடுத்துட்டேன். நீங்க வேல்-டவரு கோட்டுக்கு வாங்க, அங்கதான் வரிசை" என்று கூப்பிட்டார்.

வீடுகள் ஒவ்வொன்றாக வந்தன. பாசி பிடித்து, பார்க்கப் புதர் மாதிரியே இருந்தன. ஒரு குழாய்க்குள்ளிருந்து குஞ்சு மீன்கள் கொட்டின. கரையில் துள்ளின. நான் பொறுக்கித் திரும்பத் தண்ணீரில் விட்டேன்.

அப்பா என்னிடம், "ஊட்டுக்குப் போ கண்ணு, வெயிலா இருக்குது" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

மார்ச் 2, திங்கள்

முதல் பக்கத்தில் எழுதினேன். ஸ்கூலில் செய்முறைத் தேர்வு. சோதனைக் குழாய் ஒன்றை உடைத்துவிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

மாமா கண் திறந்துவிட்டார்!

சாமிக்கு என்னென்னவோ வேண்டியிருந்தேன். கண் திறக்க வேண்டும் என்று. சில சமயம், கண் திறந்தாலும் உடனே பேசாமல் இருக்க வேண்டும் என்றும் வேண்டினேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அவர் பேசினார். அப்பாவும் ராசப்பன் பெரியப்பாவும் போயிருந்தார்கள். அம்மாவிடம் அப்பா சொன்னதை உள்ளே இருந்து கேட்டேன். மாமாவின் குரல் காற்று மாதிரிதான் வருகிறதாம். "மாதேசு, நான் மிதப்புக்கு நல்லாத் தள்ளித்தான போட்டேன்? கிட்டப் போடலியே?" என்று, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போலக் கேட்டாராம்.

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. கயிறு எச்சா கெடந்துச்சு. நாந்தான் சுருக்கல" என்று அப்பா சொன்னாராம்.

"அட, உடு" என்றாராம் மாமா.

வலது கை மடங்கவில்லை. நூல் உள்ளே நரம்பு வரை அறுத்துவிட்டதாம். துடுப்புப் பிடிக்க, வலை இழுக்க இனி முடியுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. மாமாவுக்கு வேறு வேலை தெரியாது.

நாளை மறுநாள் காலை துறையில் கூட்டம். மிதப்பைக் கவனிக்காமல் விட்டால் ஏரியில் இறங்கக் கூடாது என்பதுதான் வழக்கம். எவ்வளவு நாளைக்கு என்று அவர்கள் சொல்வார்கள். அப்பா ஒத்துக்கொள்ளப் போகிறார். "சொல்றதக் கேட்டுக்கறேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"பரிசலு?" என்றாள் அம்மா.

"பச்சியண்ணனோட மச்சான் வந்து ஓட்டட்டும். அவிங்களுக்கும் சோறு வேணுமல்ல?"

மார்ச் 4, புதன்

சாயங்காலம் கோழிகளை அடைக்கப் போனேன். கூண்டு முன்னால் படிக்கல் இரண்டும் இருந்தன.

பழைய இடத்திலேயே. பச்சைச் சுண்ணாம்புப் பக்கம் மேலே. கழுவி வைத்திருந்தது. ஆனால் ஓரத்துச் சின்ன ஓட்டையில் ஏரிச் சேறு இன்னும் இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "பசங்க திருப்பி வெச்சுட்டானுங்க போல" என்றாள். அப்பா கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

அது நான் படிக்கல்லில் கட்டிய கயிறு. அறுத்திருக்கவில்லை. முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது. தெரியாதவர்கள் என் முடிச்சை வலப்பக்கம் இழுத்து இறுக்கிவிடுவார்கள், பிறகு கத்திதான். இடப்பக்கம் தள்ள வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அப்பாவுக்குத் தெரியும். பரிசல் ஒரு சுற்று சுற்றியபோதே தெரியும். தெரிந்துதான் "வெயிலா இருக்குது, ஊட்டுக்குப் போ" என்றார். தெரிந்துதான் ஆஸ்பத்திரியில் மாமாவின் முகத்தைப் பார்த்து, நாந்தான் சுருக்கல என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்காக ஒன்று சொல்லிவிட்டார், நாளை எல்லோர் முன்னாலும் இன்னொன்று சொல்லப் போகிறார். நான் ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டியதில்லை. கல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கோழி அதன்மேல் ஏறி உள்ளே போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆனால் சாப்பிடும்போது அப்பா என் தட்டில் மீன் வைத்தார். முள் எடுத்துவிட்டு வைத்தார். எனக்கு ஐந்து வயதிலிருந்தே அவர் எனக்கு முள் எடுத்துத் தருவதில்லை. "நீயே பழகு" என்பார். இன்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இனிமேல் வாழ்நாள் முழுக்க அவர் எனக்கு முள் எடுத்துக்கொண்டே இருப்பார் என்று தோன்றியது. நான் சாப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

சௌந்தர்யா ஒருத்திதான் அப்பா மறக்க மாட்டார் என்று சொன்னாள். நாளை கூட்டத்தோடு அவளும் நம்பிவிடுவாள்.

முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். பேனாவால் அதன் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறேன். தடவிப் பார்த்தால் பின்பக்கத்திலும் தெரிகிறது.

இப்போதே அப்பாவிடம் போக வேண்டும். காலையில் என்றால் பயம் வந்துவிடும். திங்கட்கிழமை வயிற்று வலி வந்ததைப் போல ஏதாவது வந்துவிடும். நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஓடிவரலாமா என்று பார்த்தேன். வேண்டாம். வாயால்தான் சொல்ல வேண்டும். முதலில் அப்பாவிடம், பிறகு அவரோடு துறைக்குப் போய், ராசப்பன் பெரியப்பா முன்னால். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சௌந்தர்யா இனி என்னோடு ஒரே பெஞ்சில் உட்காருவாளா

கதவு தட்டுகிறார்கள். மெதுவாக. அப்பாதான்.

"கண்ணு, இன்னும் தூங்கலியா? வெளக்கு எரியுது பாரு."

நான் தாழை